பாயில் உட்கார்ந்து பேசுவோம்: பிஜியில் முதல்முறை தலனோவா நடத்துகிறவர்களுக்கு

பிஜியில் பல ஊர்களில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான இதௌக்கெய் மக்களின் கிராமம் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும், கரும்பு போடும் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் இந்தப் பக்கம். பஸ் ஒன்று, கடை ஒன்று, ரக்பி நடந்தால் கத்துவதும் சேர்ந்துதான். ஆனால் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த 1987-ல் உன் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், மறுபடி கவிழ்ப்பு நடந்த 2000-ல் பக்கத்துத் தெருவில் வீடு சூறையாடப்பட்டபோது நீ எங்கே இருந்தாய், குத்தகை முடிந்து அந்தக் குடும்பம் மூட்டை கட்டிப் போனபோது உனக்கு எப்படி இருந்தது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்டது மட்டும் மிகவும் குறைவு. அப்படிக் கேட்க நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ சர்ச் இளைஞர் குழுவிலோ இருக்கலாம், வெளியிலிருந்து தொண்டு வேலைக்கு வந்தவராகவும் இருக்கலாம்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிஜி, டோங்கா, சமோவா என்று பசிபிக் தீவுகளில் ரொம்பக் காலமாக இருப்பது தலனோவா. பாய் விரித்து உட்கார்ந்து, கடிகாரம் பார்க்காமல், முன்கூட்டி எழுதிவைத்த நிகழ்ச்சி நிரல் இல்லாமல், கதையும் சேதியும் மனத்தாங்கலுமாகப் பேசுவது. இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: இந்தக் கூட்டத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். முடிவு எடுக்க வேறு இடம் இருக்கிறது. முடிவு எடுக்கும் நிலைக்கு மனிதர்கள் வந்து சேர்வதற்குத்தான் இந்தப் பாய். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

முதலில் இரண்டு பக்கத்துக் கதையும் தெரிய வேண்டும்

இது தெரியாமல் கூட்டத்தில் போய் உட்காராதீர்கள். 1874 அக்டோபர் 10-ல் தலைவர்கள் தீவுகளை பிரிட்டனிடம் ஒப்படைத்தார்கள். கவர்னர் ஆர்தர் கார்டன் இதௌக்கெய் மக்களைக் கிராமங்களிலேயே, அவர்களுடைய தலைவர்களின் கீழேயே வைத்துவிட்டு, தோட்டத்து வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தார். 1879 மே 14-ல் லியோனிதாஸ் கப்பல் வந்து சேர்ந்தது. 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் வந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், அதுதான் கிர்மிட். 1903-லிருந்து மதராஸ் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் வந்தார்கள். ஒரு பக்கம் கிராமம், இன்னொரு பக்கம் தோட்டத்து லயம் என்று பிரித்துவைத்தது ஆட்சி. இரண்டு பேரும் தாமாக விலகிப் போனார்கள் என்று யாராவது பேச ஆரம்பித்தால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

அப்புறம் நிலம். பிஜியில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நிலம் இதௌக்கெய் குலங்களுக்குச் சொந்தம், விற்க முடியாது, குத்தகைக்கு மட்டுமே விடலாம். 1940-ல் அமைந்த நில அறக்கட்டளை வாரியம் அதைக் கவனிக்கிறது. சட்டப்படி 30 வருடத்துக்குக் கொடுத்த கரும்பு நிலக் குத்தகைகள் 1997-லிருந்து முடியத் தொடங்கின. இதை ஒரு இந்தியக் குடும்பம் சொன்னால், மூன்று தலைமுறை உழைத்த இடத்தைவிட்டு வெறுங்கையோடு இறங்கிய கதையாக வரும். அதே விஷயத்தை ஒரு மதங்காலி, அதாவது நிலமுள்ள குலம், சொன்னால், சொந்த நிலத்துக்குக் குறைந்த வாடகையை வாங்கிக்கொண்டு முப்பது வருடம் காத்திருந்த கதையாக வரும். இரண்டும் பொய்யில்லை. எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் கடைசியில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்.

ஆட்சிக் கவிழ்ப்புகளையும் வரிசையாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1987 மே 14-ல் சித்திவெனி ரபுகா ராணுவத்தோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். அதே வருடம் செப்டம்பரில் மறுபடியும் ஒரு கவிழ்ப்பு. அதன்பின் ஆயிரக்கணக்கில் இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். 1999-ல் மகேந்திர சௌத்ரி இந்திய வம்சாவளியிலிருந்து வந்த முதல் பிரதமரானார். 2000 மே 19-ல் அடுத்த கவிழ்ப்பை நடத்திய ஜார்ஜ் ஸ்பைட்டின் ஆட்கள் அவரையும் அமைச்சர்களையும் பிடித்து 56 நாள் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் முவானிவெனி போன்ற ஊர்களில் விவசாயிகளின் வீடுகள் தாக்கப்பட்டன. ஓடிவந்த குடும்பங்கள் லௌதோக்காவின் கிர்மிட் மையத்தில் தங்கின. 2006 டிசம்பரில் பைனிமராமாவின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. லியோனிதாஸ் வந்த தேதியும் முதல் கவிழ்ப்பின் தேதியும் ஒன்றே, மே 14 என்பதைக் கவனித்தீர்களா? ஒரு குடும்பத்துக்கு முன்னோர் நினைவு நாள் அது, பயந்து கதவைச் சாத்திய நாளும் அதுதான். அந்தத் தேதியில் முதல் கூட்டம் வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். முதல் கூட்டத்துக்குச் சாதாரண நாளே போதும்.

யார் கூப்பிடுவது

ஒரு பக்கத்து ஆள் மட்டும் கூப்பிட்டால் இன்னொரு பக்கம் விருந்தாளியாகத்தான் வரும், விருந்தாளி மனசில் இருப்பதைச் சொல்ல மாட்டார். அதனால் அழைப்பு இரண்டு பேர் பெயரில் போகட்டும். இரண்டு பேரும் அவரவர் ஆட்களிடம் மரியாதை உள்ளவர்களாக, ஆனால் வரும் தேர்தலில் நிற்கப் போகாதவர்களாக இருந்தால் நல்லது.

கிராமத்துப் பக்கம் போவதற்கு முறை இருக்கிறது, அதைக் குறுக்குவழியில் தாண்டாதீர்கள். முதலில் துரங்கா நி கோரோ என்று சொல்லும் கிராமத் தலைவரிடம் சேதி சொல்லி நாள் கேளுங்கள். போகும்போது செவுசெவு, அதாவது காணிக்கை, கொண்டுபோக வேண்டும்: யங்கோனா (காவா) பானம் கரைக்கும் வேரின் கட்டு, சந்தையில் கிடைக்கும். அதைக் கையில் திணிக்கக் கூடாது, முன்னால் பாயில் வைத்து, நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லுங்கள். உங்களுக்காகப் பேசத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது. தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் ஊர் எல்லையிலேயே கழற்றிவிடுங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், செருப்பு வாசலோடு. உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் குனிந்து, ‘துலோ’ (மன்னிக்கவும்) என்று சொல்லிக்கொண்டே போங்கள். நாம் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் எப்படி நடப்போமோ அதிலிருந்து இது அதிக தூரமில்லை.

இந்தியக் குடியிருப்பில் இப்படி ஒரே ஒரு வாசல் கிடையாது. வீடுகள் வயல்களுக்கு நடுவே சிதறியிருக்கும். ராமாயண மண்டலி, மசூதிக் கமிட்டி, கரும்பு வெட்டும் கும்பலின் சர்தார், தென்னிந்தியர்கள் என்றால் சங்கம் என்று நாலைந்து இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் 1926-லிருந்து இருக்கிறது, அதன் பள்ளிகளில் இதௌக்கெய் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதனால் சங்கப் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தவராக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

யார் உட்காருவது

பதினைந்திலிருந்து இருபது பேர் போதும். அதற்கு மேல் போனால் சொற்பொழிவாகிவிடும்.

இதில் பழைய முறையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. வழக்கமான யங்கோனாச் சபையில் தலைவர் மேலே, மற்றவர்கள் படிப்படியாகக் கீழே, பெண்களும் இளையவர்களும் கடைசியில், சில இடங்களில் இல்லவே இல்லை. நம் மண்டலிகளிலும் கதை வேறில்லை, பெண்கள் சமையல்கட்டில், ஆண்கள் கிண்ணத்தைச் சுற்றி. 2000-ல் வீட்டுக்குள் ஆட்கள் நுழைந்தபோது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரும்புக்குள் ஒளிந்த அம்மாவுக்குப் பாயில் இடமில்லை என்றால் அது எப்படிப்பட்ட பேச்சு? பெரியவரிடம் முன்கூட்டியே போய்ப் பணிவாகக் கேளுங்கள்: ஐயா, வழக்கத்தை மாற்ற வரவில்லை, இந்த ஒரு கூட்டத்துக்குப் பெண்களும் வட்டத்தில் உட்கார அனுமதி கொடுங்கள் என்று. பெரியவரே அனுமதி கொடுத்தால் அப்புறம் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் அவருக்கு மறுப்பதைத் தவிர வழியிருக்காது. அப்படியும் நடக்கவில்லையென்றால் பெண்களுக்கு முதலில் தனி அமர்வு வையுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் பெரிய வட்டத்தில் வந்து சொல்லட்டும்.

இன்னொன்று. பிஜி என்றால் இரண்டே இனம் என்று நினைத்துவிடாதீர்கள். 2007 கணக்கெடுப்பில் இதௌக்கெய் மக்கள் சுமார் 57 விழுக்காடு, இந்திய வம்சாவளியினர் 37 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மீதியில் ரொட்டுமா மக்கள், ராம்பித் தீவுக்குக் குடியேற்றப்பட்ட பனாபா மக்கள், சாலமன் தீவுகளிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், சீனர்கள், கலப்பினத்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அவர்கள் இருந்தால் பாயிலும் இருக்க வேண்டும்.

இடம், நாள், மொழி

சர்ச் மண்டபமும் கோயில் மண்டபமும் முதல் கூட்டத்துக்கு வேண்டாம், பள்ளிக்கூடம் நல்லது. ஞாயிறு இதௌக்கெய் குடும்பங்களுக்குச் சர்ச் நாள், செவ்வாய் இரவு பல மண்டலிகளுக்கு ராமாயணம், வெள்ளி மதியம் முஸ்லிம்களுக்குத் தொழுகை. ஜூனிலிருந்து வருடக் கடைசி வரை கரும்பு ஆலை ஓடும், அப்போது கூப்பிட்டால் வெட்டுக்காரர்கள் தூங்கி விழுவார்கள். பிப்ரவரிக்கு மேல், வெட்டு தொடங்கும் முன் பாருங்கள். நாற்காலி, மேஜை, மைக் எதுவும் வேண்டாம்.

மொழிதான் பெரிய விஷயம். எல்லோருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள், அங்கேதான் பேச்சு வறண்டுபோகிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவரவர் மொழியில் பேசட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதௌக்கெய் மொழியும் பிஜி இந்தியும் தெரிந்தவர்கள் லம்பாசா பக்கம் நிறைய உண்டு, மற்ற ஊர்களிலும் தேடினால் கிடைப்பார்கள். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை. மொழிபெயர்க்கும் அந்த இடைவெளியில்தான் சூடாகப் பேசியவர் கொஞ்சம் ஆறுவார்.

கிண்ணம்

தானோவா என்னும் மரக் கிண்ணத்தில் யங்கோனா கரைத்து, பிலோ என்ற தேங்காய்ச் சிரட்டையில் ஒவ்வொருவருக்காக வரும். உங்களிடம் வரும்போது ஒரு கைதட்டு, ‘புலா’ என்று சொல்லி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சிரட்டையைக் கொடுத்ததும் மூன்று கைதட்டு. கிண்ணத்தை நோக்கிக் காலை நீட்டாதீர்கள். இந்தியர்களுக்கும் இது அந்நியமில்லை. கிரோக் என்று சொல்லிக்கொண்டு ராத்திரி முழுக்கக் குடிக்கிறவர்கள்தானே, அதனால் இரண்டு பக்கமும் கூச்சமில்லாமல் செய்யக்கூடிய சடங்கு இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சில சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களில் பலரும் குடிப்பதில்லை. அவர்களுக்குத் தண்ணீரோ தேநீரோ அதே வரிசையில், அதே மரியாதையோடு போக வேண்டும். முதல் சுற்று முடியும் வரை விஷயத்தைத் தொடாதீர்கள்.

பேச்சு

தொடங்கும்போது மூன்று உறுதி மட்டும் கேட்டு வாங்குங்கள். போனை அணைத்துவிட வேண்டும், பதிவு செய்யக் கூடாது. இங்கே கேட்ட கதையை வெளியில் பெயரோடு சொல்லக் கூடாது. இன்று தீர்மானம் எதுவும் போடப் போவதில்லை. மூன்றாவதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள், பின்னே எதற்குக் கூட்டம் என்பார்கள். அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: தீர்மானம் வரப்போகிறது என்று தெரிந்தால் ஒவ்வொருவரும் தன் பக்கத்துக்காக வாதாட ஆரம்பித்துவிடுவார், தனக்கு நடந்ததைச் சொல்ல மாட்டார்.

முதல் கேள்வி சின்னதாக இருக்கட்டும். உங்கள் குடும்பம் இந்த ஊருக்கு எப்படி வந்தது? எல்லோருக்கும் ஒரு பதில் உண்டு. பக்கத்துத் தீவிலிருந்து பெண் கொடுத்து வந்ததாக ஒருவர் சொல்வார், கப்பலில் கொள்ளுத்தாத்தா வந்ததாக இன்னொருவர் சொல்வார். பெங்கா தீவுக்காரர்கள் சுட்ட கல்லில் நடப்பதும் தென்னிந்தியர்கள் மாரியம்மனுக்குத் தீமிதிப்பதும் பேச்சில் வந்துவிட்டால் நல்லது, சிரிப்பும் ஆச்சரியமுமாக ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரத்தை வீண் என்று நினைத்து அவசரப்படுத்துகிற அமைப்பாளர்கள்தான் கூட்டத்தைக் கெடுக்கிறார்கள்.

கவிழ்ப்புக் கதை தானாக வரும். வந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு. ‘நீங்க எல்லாரும்’ என்று ஒருவர் விரல் நீட்டினால், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள் என்று மெதுவாகத் திருப்புங்கள். இல்லை அப்படி நடக்கவே இல்லை என்று எதிரிலிருப்பவர் குறுக்கிட்டால், உங்கள் முறை வரும் என்று மட்டும் சொல்லுங்கள், யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீண்ட மௌனம் வரும், அதை நிரப்பாதீர்கள். ஆனால் மௌனத்தைச் சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைவர் பேசிய பிறகு கிராமத்து இளைஞன் வாய் திறக்காமல் இருப்பது மரியாதை, ஒப்புதல் ஆகாது. அதனால் இளையவர்கள் முதலில், பெரியவர்கள் கடைசியில் என்று வரிசை வைக்க முடியுமா என்று பெரியவரிடமே முன்னதாகக் கேட்டுப் பாருங்கள்.

2017-ல் பிஜி ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்குத் தலைமை ஏற்றபோது இந்த முறையை உலக நாடுகளுக்குக் கொண்டுபோனது. அடுத்த வருடம் நடந்த அந்தத் தலனோவா உரையாடலில் மூன்று கேள்விகள்: எங்கே இருக்கிறோம், எங்கே போக வேண்டும், எப்படிப் போவது. நல்ல கேள்விகள். ஆனால் ஊர்க் கூட்டத்தில் இவற்றை ஒரே நாளில் கேட்காதீர்கள். முதல் இரண்டு மூன்று அமர்வும் முதல் கேள்விக்கே சரியாகப் போகும். அதைத் தாண்டி அவசரமாக மூன்றாவதுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இழப்பு எதுவும் இல்லாதவர்கள்.

மன்னிப்பு எப்போது, எதற்கு

இதௌக்கெய் வழக்கத்தில் புலுபுலு என்று ஒன்று உண்டு. தப்புச் செய்த பக்கம் தம்புவா என்னும் திமிங்கிலப் பல்லைக் கொண்டுவந்து வைத்து மன்னிப்புக் கேட்கும், எதிர்ப்பக்கம் அதை ஏற்றால் பகை முடிந்தது. பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு நிறையும். ஆனால் இங்கே ரொம்பக் கவனம் வேண்டும். பாலியல் வன்முறை வழக்குகளில் இந்தச் சடங்கைக் காட்டி நீதிமன்றத்தைத் தவிர்ப்பது நடந்திருக்கிறது. பெண்களின் உரிமைக்கான ஐ.நா. குழு 2002-ல் இதைப் பற்றிக் கவலை தெரிவித்தது. பல்லை ஏற்றுக்கொண்டவர் பெண்ணின் அப்பா, அடிபட்டவள் அந்தப் பெண். குற்ற வழக்காகப் போக வேண்டியது எதுவும் பாயில் முடியக் கூடாது, அப்படி ஒன்று பேச்சில் வந்தால் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசி, அவள் விரும்பினால் சட்ட உதவிக்கு வழிகாட்டுங்கள்.

நாடு முழுவதும் எடுத்துக்கொண்டாலும் இதேதான். 2005-ல் பிரதமர் கரசேயின் அரசு நல்லிணக்கம் என்ற பெயரில் ஒரு மசோதா கொண்டுவந்தது. 2000 கவிழ்ப்பில் ஈடுபட்டவர்களுக்கு மன்னிப்புக் கிடைக்க அதில் வழி இருந்தது. பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல் மன்னிக்கச் சொன்னதால் எதிர்ப்புதான் வளர்ந்தது. 2023 மே மாதத்தில் நடந்தது வேறு மாதிரி. 1987-ல் கவிழ்ப்பை நடத்திய அதே ரபுகா, 2023-ல் பிரதமராக இருந்தவர், தலைநகர் சுவாவில் நடந்த நல்லிணக்க வழிபாட்டில் இந்திய வம்சாவளி மக்களிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டுதான் கிர்மிட் நாள் முதல்முறையாகப் பொது விடுமுறை ஆனது. 36 வருடம் கழித்து வந்தது போதாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் செய்தவரே வந்து செய்ததைச் சொன்னது எனக்குப் பெரிதாகப் படுகிறது. உங்கள் ஊர்க் கூட்டத்திலும் மன்னிப்பு வந்தால் செய்தவர் வாயிலிருந்து வர வேண்டும், நீங்கள் ஏற்பாடு செய்து வரக் கூடாது.

பேச்சுக்கு அப்புறம்

2000 கவிழ்ப்புக்குப் பிறகு தலைவர்களுக்கு நடுவே தலனோவா நடத்தினார் சித்திவெனி ஹலபுவா. டோங்காக்காரர், ஹவாயின் கிழக்கு-மேற்கு மையத்தில் வேலை பார்த்தவர். வெளியாள் என்பதால் இரண்டு பக்கமும் நம்பியது. கரசேயும் சௌத்ரியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள், அந்த நாட்களில் அதுவே பெரிய விஷயம். ஆனால் அமைச்சரவையில் சௌத்ரியின் கட்சிக்கு இடம் உண்டா என்ற கேள்வியைப் பேச்சு தீர்க்கவில்லை, 2003-ல் உச்ச நீதிமன்றம்தான் உண்டு என்றது. பல கட்சி அமைச்சரவை 2006-ல் வந்தது, அதே டிசம்பரில் ராணுவம் அதைக் கலைத்தது. இதைப் பார்த்துவிட்டுத் தலனோவா தோற்றது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைவர்கள் பேசினார்கள், ஊர்கள் பேசவில்லை. அதோடு சட்டம் செய்ய வேண்டியதைப் பேச்சிடம் எதிர்பார்த்தார்கள்.

அதனால் உங்கள் ஊரில் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். நாலைந்து அமர்வு போனதும் குத்தகைப் புதுப்பிப்பு, தண்ணீர் வாய்க்கால், சுடுகாட்டுக்குப் போகும் பாதை என்று கையில் பிடிக்கக்கூடிய பிரச்சினைகள் மேலே வரும். அவற்றை ஒரு தாளில் எழுதி, பக்கத்துக்கு இரண்டு பேராக நாலு பேர் கொண்ட குழுவிடம் கொடுங்கள், அவர்கள் வேறொரு நாளில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நில வாரிய அலுவலகத்துக்கும் மாவட்ட அதிகாரியிடமும் சேர்ந்தே போகட்டும். குத்தகைக்காரரும் நிலக்காரரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனால் அலுவலகத்தில் கேட்கும் விதமே மாறும். எழுதிவைக்கிற வேலை, கையெழுத்து, கெடு எல்லாம் அங்கே.

2024 கடைசியில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கான சட்டமும் நிறைவேறியது. அதன்முன் பேச விரும்புகிறவர் உங்கள் வட்டத்தில் இருந்தால் கூட ஒருவரை அனுப்புங்கள், முடிந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்தே. கட்டாயப்படுத்த வேண்டாம். ஊர்ப் பாயில் சொன்னதே போதும் என்கிறவர்களும் இருப்பார்கள்.

முதல் கூட்டம் கலையும் முன்பே அடுத்த கூட்டத்தின் நாளைச் சொல்லிவிடுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள். முதல் நாள் மனசுவிட்டுப் பேசியவர் வீட்டுக்குப் போய், அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று கலங்குவார். மூன்று நாளுக்குள் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள், முதலில் பேசாமலே இருந்தவர் வீட்டுக்கும்.